ஸ்டெல்லா தன்னிடமே வைத்துக்கொண்ட முடிவு

செய்தி வந்தபோது எங்கள் அலுவலகத்தில் வாக்கெடுப்பு நடந்துகொண்டிருந்தது. நோயாளிகள் மருத்துவரைச் சந்திக்க நேரம் குறித்துக்கொள்ளும் மென்பொருளை மருந்தகங்களுக்கு, அதாவது சிறு கிளினிக்குகளுக்கு, எழுதித் தருகிற சிறிய நிறுவனம் எங்களுடையது. அதன் பழைய பகுதி ஒன்றைப் பழுதுபார்ப்பதா, முழுவதும் புதிதாக எழுதுவதா என்று காலை முழுதும் விவாதித்துக் களைத்து, இறுதியில் கையைத் தூக்கச் சொன்னார்கள். நானும் தூக்கினேன். அப்போதுதான் மேசைமீது கிடந்த கைபேசி ஒளிர்ந்தது. அமல்ராஜ் அனுப்பிய ஒற்றை வரி: "ஸ்டெல்லா காலையிலே போயிட்டா." நான் அதைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன், என் கை உயர்ந்தபடியே இருந்தது. அதையும் சேர்த்து எண்ணி, பெரும்பான்மை கிடைத்துவிட்டதாக அறிவித்தார்கள். எந்தப் பக்கத்துக்காக அந்தக் கையைத் தூக்கினேன் என்பது இன்றுவரை எனக்கு நினைவுக்கு வரவில்லை.

தேவாலயத்துப் பாடகர் குழுவில் ஸ்டெல்லாவை அறிந்த பங்கு மக்களுக்கும், அலுவலகத்தில் அவரோடு பணியாற்றியவர்களுக்கும் பொதுவாக ஒரு நினைவுரை எழுதித் தரும்படி அவருடைய கணவர் அமல்ராஜ் என்னைக் கேட்டுக்கொண்டார். ஒப்புக்கொண்ட நாள் முதல் என்னால் ஓரிடத்தில் அமர இயலவில்லை. எழுத உட்காருவேன், எழுந்து சன்னலைத் திறப்பேன், காற்று தாள்களைக் கலைக்கிறது என்று மூடுவேன். எங்கிருந்து தொடங்குவது என்பதும் ஒரு முடிவுதானே. இப்படிப்பட்ட முடிவுகளைப் பல ஆண்டுகளாக நான் எடுத்ததே இல்லை. அவற்றையெல்லாம் எனக்காக எடுத்தவர் ஸ்டெல்லா.

நான் கல்லூரியில் கணினி கற்றவள் அல்லேன். நகரின் கோடியில் இருக்கும் கிராஞ்சியில் ஓர் ஆர்க்கிட் பூப்பண்ணையில் கணக்கெழுத்தராக இருந்தேன். அந்தப் பக்கம் பேருந்து எப்போதாவதுதான் வரும். நிறுத்தத்தில் காத்து நின்ற பொழுதுகளில் நிரல் எழுதக் கற்றேன். பண்ணையின் செடி இருப்பைக் கணக்கிடும் மென்பொருளை யார் உதவியுமின்றி நானே எழுதி முடித்தேன். என் பெயருக்குப் பின்னால் பட்டம் எதுவும் இல்லை. ஆனால் நான் எழுதிய நிரல் அந்தப் பண்ணையில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குப் பெருமை உண்டு.

இந்த நிறுவனத்தில் சேர்ந்த முதல் நாள், அறிமுகமான ஒவ்வொருவரும் நான் எந்தப் பல்கலைக்கழகம் என்று விசாரித்தார்கள். பக்கத்து நாற்காலியில் இருந்த ஸ்டெல்லா மட்டும் வேறொன்றைக் கேட்டார்.

"கிராஞ்சியா? அங்க பஸ்ஸே வராதே. எப்படி வேலைக்குப் போய் வந்தீங்க?"

நின்று நின்று படித்துக்கொண்டே போனேன் என்று சொன்னேன்.

"அப்ப பஸ் லேட்டா வந்ததுக்கு நாங்கதான் தேங்க்ஸ் சொல்லணும் லா," என்றார்.

அந்த வாரமே 'நீங்க' போய் 'நீ' வந்துவிட்டது. வாசுகி என்ற என் பெயர் வாசு ஆயிற்று. எங்கள் இருவருக்கும் ஏறத்தாழ ஒரே வயது. அவர் முறையாகக் கற்றவர், நான் கேட்டும் உடைத்தும் கற்றவள். வேறுபாடு அவ்வளவே. அதை அவர் ஒருமுறைகூட எனக்கு நினைவூட்டியதில்லை.

நிரலாளர் வேலையை வெளியிலிருந்து பார்ப்பவர்கள் அதைக் கணக்குப் போடுகிற வேலை என்று எண்ணுகிறார்கள். உண்மையில் அது காலை முதல் மாலை வரை ஓயாமல் தேர்ந்துகொண்டே இருக்கிற வேலை. ஒரு பொத்தானில் 'சரி' என்று எழுதுவதா, 'தொடர்க' என்று எழுதுவதா? பிழை நேர்ந்தால் உடனே சொல்வதா, இன்னொரு முறை முயன்றுவிட்டுச் சொல்வதா? எதற்கு என்ன பெயர் வைப்பது? யாரோ இலவசமாகத் தரும் கருவியை நம்புவதா, நாமே எழுதிக்கொள்வதா? ஒவ்வொன்றும் அற்பமாகத்தான் தோன்றும். மாலையில் ஃபேரர் பார்க் நிலையத்தில் ரயில் ஏறும்போது தலைக்குள் ஈரத்துணியைப் பிழிந்தது போலிருக்கும். வீட்டுக்கு வந்தால் மகளின் துணைப்பாட வகுப்பு, காப்புறுதி, கைபேசித் திட்டம், ஊரிலிருந்து அப்பாவின் கண் அறுவைக்கு எந்த மருத்துவமனை என்று கேட்கும் தம்பி. இரவுச் சாப்பாட்டுக்கு என்ன என்று கணவர் அன்போடு கேட்டால் எனக்கு அழுகை வந்த நாள்கள் உண்டு.

அப்படிப்பட்ட ஒரு நாள், மதிய உணவுக்குத் தேக்கா அங்காடிக்குப் போயிருந்தோம். காலைக் கூட்டத்தில் ஒரே ஒரு சொல்லுக்காக நெடுநேரம் வாதாடிவிட்டு வந்திருந்தோம். கடை வரிசையின் நடுவே இருவரும் நின்றுவிட்டோம். பிரியாணியா, தோசையா, மீனா? பின்னால் வந்தவர்கள் தட்டுகளோடு எங்களைச் சுற்றிப் போனார்கள். ஒருவர், "நகருங்கம்மா, இது மியூசியமா?" என்று கேட்டுவிட்டே போனார்.

ஸ்டெல்லா கைகளைத் தொங்கவிட்டு நின்றார். தம் மூளையில் இன்றைக்கு ஒரு சொட்டுகூட மிச்சமில்லை என்றார். பிறகு, "எனக்கு என்னன்னு நீ சொல்லு. உனக்கு என்னன்னு நான் சொல்றேன். அடுத்தவங்க சோறுன்னா டக்குனு சொல்லிடலாம்ல," என்றார்.

சொல்லிவிட்டோம். கண் இமைக்கும் நேரம்கூட ஆகவில்லை. அவருக்கு நான் மீன்குழம்பும் சோறும் சொன்னேன். எனக்கு அவர், நான் ஒருபோதும் வாங்கியிராத ஆட்டுச் சூப்பும் ரொட்டியும் வாங்கி வந்தார். அன்று உண்டது எனக்கு வெகுநாள் கழித்துக் கிடைத்த விடுமுறை போலிருந்தது. தேர்ந்தெடுக்காமல் உண்பதில் இவ்வளவு சுகம் இருக்கிறதா என்று வியந்தேன்.

இப்படித்தான் தொடங்கியது எங்கள் கைமாற்று. அந்தப் பெயரை வைத்தவரும் அவர்தான். தன் முடிவென்றால் மலையாகத் தெரிவது, பிறருடையது என்றால் கூழாங்கல்லாகிவிடுகிறது என்பதை நாங்கள் கண்டுகொண்டோம். நான் எழுதிய நிரலுக்குப் பெயர்களை அவர் வைத்தார். அவர் எழுதியதற்கு நான் வைத்தேன். என் மகளின் பிறந்தநாளுக்கு எந்த கேக் என்பதை அவர் சொன்னார். அவருடைய வரவேற்பறைத் திரைச்சீலையின் நிறம் நான் சொன்னது. அந்த வீட்டுக்கு வந்துபோன உங்களில் பலருக்கு அந்தக் கத்தரிப்பூ நிறம் ஏன் என்ற ஐயம் இருந்திருக்கும். இப்போது தெளிந்திருக்கும். காரணம் கேட்கக்கூடாது, பிறகு முணுமுணுக்கவும் கூடாது என்பதே ஒப்பந்தம். நான் எப்போதாவது முகம் சுளித்தால், "தப்பா இருந்தா நாளைக்கு மாத்திக்கலாம். மாத்தலேன்னா நாளன்னிக்குப் பழகிடும்," என்பார்.

இம்முறையில் நாங்கள் ஒரு பிழையும் செய்தோம். உலகில் வேறெவரும் செய்திருக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன். மருந்தகம் மூடியிருக்கும் விடுமுறை நாள்களில் நோயாளிகளுக்குப் போகும் நினைவூட்டுச் செய்திகளை மென்பொருள் தானாக நிறுத்த வேண்டுமா, மருந்தகத்தாரே நிறுத்திக்கொள்ளட்டுமா என்று முடிவு செய்ய வேண்டியிருந்தது. அதை நான் படிக்கட்டில் வைத்து ஸ்டெல்லாவிடம் கொடுத்துவிட்டேன். அவரோ அதே நாளில், மின்தூக்கிக் கதவு மூடும்போது, வேறு சிலவற்றோடு சேர்த்து அதை என்னிடம் கொடுத்துவிட்டார். இருவரும் நிம்மதியாக வீட்டுக்குப் போனோம்.

தீபாவளி காலையில், பூட்டிய மருந்தகம் ஒன்றின் வாசலில் புத்தாடை அணிந்தவர்கள் சிலர் வந்து நின்றார்கள். அவசர அழைப்புகளுக்கான எண் அன்று ஸ்டெல்லாவிடம் இருந்தது. அழைத்தவர் ஒரு முதியவர்.

"ஏம்மா, எண்ணெ தேச்சுக் குளிச்சிட்டு, ஒரு முறுக்குகூட வாயில வெக்காம, வெறும் வயித்தோட வந்து நிக்கிறேன். சுகர் டெஸ்ட்டுக்கு வான்னு நீங்களே மெசேஜ் அனுப்பிட்டுக் கதவப் பூட்டிக்கிட்டா எப்படி?"

ஸ்டெல்லா அவரிடம் மன்னிப்புக் கேட்டு, உடனே வீட்டுக்குப் போய்ப் பலகாரம் சாப்பிடும்படியும் சோதனைக்கு வேறு நாள் குறித்துத் தருவதாகவும் சொல்லிவிட்டு, என்னை அழைத்தார். அதை நீதானே எடுத்தாய் என்று கேட்டார். இல்லையே, நீதானே எடுத்தாய் என்றேன். மறுமுனையில் அவர் சிரிக்கத் தொடங்கினார். நான் அடுப்பில் எண்ணெய்ச் சட்டியை மறந்து சிரித்தேன்.

அதன்பின் ஒரு விதி சேர்ந்தது. இரண்டு கணினிகள் பேசிக்கொள்ளும்போதுகூட, 'கிடைத்தது' என்று மறுமுனை சொல்லும்வரை அனுப்பிய கணினி செய்தியைக் கைவிடுவதில்லை. அதுபோல, முடிவைப் பெற்றுக்கொள்பவர் "எடுத்துக்கிட்டேன்" என்று வாய்விட்டுச் சொன்னால்தான் கைமாற்று செல்லும்.

எல்லாவற்றையும் அவர் வாங்கிக்கொண்டார் என்று எண்ணிவிட வேண்டாம். பெரிய நிறுவனம் ஒன்று என்னை வேலைக்கு அழைத்தபோது, போவதா இருப்பதா என்பதை அவரிடம் நீட்டிப் பார்த்தேன். தலையைத் திருப்பிக்கொண்டார். "இதெல்லாம் கைமாத்துல வராது. இத நான் எடுத்தா, நாளைக்கு உன் வாழ்க்கைய நீ என் வாழ்க்கை மாதிரி பாப்ப," என்றார். நான் பத்து நாள் நிம்மதியின்றித் திரிந்து, இங்கேயே இருப்பதென்று நானே முடிவுசெய்தேன். நல்லது என்றோ கெட்டது என்றோ அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அன்று மதியம் எனக்குச் சோறு மட்டும் வாங்கி வந்தார்.

பிறகு நோய் வந்தது. அதைப் பற்றி விரிவாக எழுத எனக்கு விருப்பமில்லை; அவருக்கும் இருக்காது. முதல் சிகிச்சை பலன் தரவில்லை. மருத்துவர் இரண்டு வழிகளைச் சொன்னார். இன்னும் கடுமையான மருந்தைச் செலுத்திப் பார்க்கலாம். அது சில மாதங்களைக் கூட்டித் தரலாம், தராமலும் போகலாம், மருத்துவமனையை விட்டு நகர முடியாது. அல்லது, வலியை மட்டும் தணித்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். இரண்டு வாரத்துக்குள் சொல்லுங்கள் என்றார்.

அமல்ராஜ் சிகிச்சையைத் தொடர வேண்டும் என்றார். காத்தோங்கில் இருக்கும் ஸ்டெல்லாவின் அக்கா ரோஸியும் அதையே சொன்னார். உண்மையைச் சொல்வதானால் நானும் அதையே விரும்பினேன். வாயால் சொல்லவில்லை, ஆனால் வீட்டில் உட்கார்ந்து, கிடைத்ததையெல்லாம் படித்து, இரண்டு வழிகளையும் எதிரெதிரே வைத்து ஓர் அட்டவணையே செய்துவிட்டேன். அதை அவருக்கு அனுப்பாமல் இருப்பதே எனக்குப் பெரும்பாடாக இருந்தது.

ஒரு பிற்பகல், மருத்துவமனையின் கீழ்த்தளக் கோப்பிக்கடைக்குச் சக்கர நாற்காலியில் தள்ளிச்செல்லும்படி ஸ்டெல்லா கேட்டார். கோப்பி வந்தது. அவர் குடிக்கவில்லை.

"வாசு, உங்கிட்ட ஒண்ணு குடுக்கணும்."

"அத மட்டும் குடுக்காத ஸ்டெல்லா," என்றேன்.

"எத?"

"நீ குடுக்கப்போறத."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு, எத்தனையோ நாளுக்குப் பின் வாய்விட்டுச் சிரித்தார். "ஐயோ, அத யாரு உங்கிட்ட குடுப்பா? ஒரு பட்டனுக்குக் கலர் சொல்ல மூணு நாள் எடுத்தவ நீ."

"பின்ன?"

"மத்ததெல்லாம் நீ எடுத்துக்க. கஞ்சியா ரொட்டியான்னு நர்ஸ் கேக்குது. எந்த நைட்டின்னு அக்கா கேக்குது. யாரு வரலாம்னு அமல் கேக்குறாரு. போன்ல நூறு பேரு பப்பாளி இல, துளசின்னு வைத்தியம் அனுப்புறாங்க, எதுக்குப் பதில் போட, எதுக்கு விட? இதுலயே நாள் போயிடுது. அந்த ஒண்ண யோசிக்க எடமே இல்ல, வாசு. அது எங்கிட்ட இருக்கட்டும். மிச்சத்த நீ எடு."

நான் கோப்பைகளை ஒதுக்கி வைத்துவிட்டு, "எடுத்துக்கிட்டேன்," என்றேன். அவர் தம் கைபேசியை என் மடியில் வைத்தார். அப்போது அவர் தோள்கள் இறங்கியதை நான் கண்ணால் கண்டேன்.

நிறுவனத்தில் விடுப்புச் சொல்லிவிட்டு நாள்தோறும் போனேன். காலையில் கஞ்சி, மாலையில் ரொட்டி. நீல நைட்டி, மறுநாள் பச்சை. வருகையாளர்கள் இத்தனை மணி முதல் இத்தனை மணி வரை. வந்த செய்திகள் அனைத்துக்கும் நானே பதில் எழுதினேன். அவற்றில் ஒன்றை வாசித்துக் காட்டியபோது ஸ்டெல்லா கண்ணை மூடிக்கொண்டு, "இவ்ளோ சுத்தமான தமிழ்ல பதில் போட்டா, நான் ஏற்கெனவே போயிட்டேன்னு நெனச்சுடுவாங்கடி," என்றார். அதற்குப் பிறகு பதில்களைச் சுருக்கினேன்.

ரோஸி அக்கா ஒரு நாள் ஓய்வு நேரத்தில் சூப்புப் பாத்திரத்தோடு வந்து நின்றார். ஸ்டெல்லா தூங்க வேண்டிய நேரம் அது என்று நான் வாசலிலேயே சொன்னேன்.

"யாரு சொன்னா? டாக்டரா?"

"இல்லக்கா. நான்தான்."

"நல்லாருக்கே. நான் அவகூடப் பொறந்தவ. நீ ஆபீஸ்ல மேனேஜர்னா இங்கயும் மேனேஜரா?"

நான் மேலாளர் அல்லேன் என்று திருத்த வாயெடுத்தேன். அதற்குள் உள்ளிருந்து குரல் வந்தது. "அக்கா, சூப்ப அவகிட்ட குடு. எனக்கு வேணுமா வேணாமான்னு அவ சொல்லுவா."

ரோஸி அக்கா பாத்திரத்தை என் கையில் திணித்துவிட்டுப் போனார். ஆத்திரத்தில் மூடியைக்கூடச் சரியாக மூடவில்லை. ஆனால் மறுநாள் காலை எனக்கு அழைப்பு வந்தது. "இன்னிக்கு என்ன கொண்டாரட்டும்? நீயே சொல்லிடும்மா." அந்தக் குரலில் கோபம் வடிந்திருந்தது. அவரும் எத்தனை நாளாக அடுப்பு முன் நின்று எதைச் சமைப்பது என்று தவித்திருப்பார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ரசம் போதும் அக்கா, மிளகு குறைவாக, என்றேன். சரி என்று வைத்துவிட்டார்.

இரண்டாம் வாரத்தின் தொடக்கத்தில்தான் நான் எதிர்பாராதது வந்தது. அமல்ராஜின் ஒன்றுவிட்ட தம்பி எல்லைக்கு அப்பால் ஜொகூரில் மருத்துவர். அவரை வரவழைத்து ஸ்டெல்லாவிடம் பேசவைக்க வேண்டும் என்று அமல்ராஜ் என்னைக் கேட்டார். தாழ்வாரத்தில், சுவரோடு சுவராக நின்று, கெஞ்சுவது போலக் கேட்டார். யார் வரலாம் என்பது என்னிடம் ஒப்படைக்கப்பட்ட முடிவு. ஆனால் இவர் எதற்காக வருகிறார் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். வரச் சொன்னால் தராசின் ஒரு தட்டில் நான் கையை வைத்தவள் ஆவேன். தடுத்தால் மறு தட்டில். என் மனமோ வரட்டும், வந்து இணங்க வைக்கட்டும் என்று குதித்தது. தாழ்வாரத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு எத்தனை முறை நடந்தேன் என்று அறியேன். தாதி ஒருவர் எனக்கு உடல்நலம் சரியில்லையா என்று விசாரித்தார்.

கடைசியில் உள்ளே போய், "ஸ்டெல்லா, இது என்னுது இல்ல. சின்னது மாதிரி வந்திருக்கு, ஆனா உன்னோடதோட ஒட்டிக்கிட்டு இருக்கு," என்று விவரத்தைச் சொன்னேன்.

"நீ வரச் சொல்லிருவன்னு நெனச்சேன்," என்றார்.

"எனக்கு அதான் ஆசை."

"தெரியும். மூஞ்சியிலயே எழுதியிருக்கு." பிறகு, "வரட்டும். நான் கேக்குறதுக்கு மட்டும் பதில் சொல்லச் சொல்லு," என்றார்.

அந்த மருத்துவர் வந்தார். நல்ல மனிதர், நிறையத் தயார் செய்துகொண்டு வந்திருந்தார். ஸ்டெல்லா ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அந்த மருந்து ஏத்துனா, அதுக்கப்புறம் எத்தன நாள் நான் நானா இருப்பேன்?" மருத்துவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அமல்ராஜ் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "தெரியல அண்ணி," என்றார் மருத்துவர். பொய் சொல்லாததற்காக ஸ்டெல்லா அவருக்கு நன்றி சொன்னார். என்னைப் பார்த்து, அவருக்குச் சாப்பாடு வாங்கிக் கொடுக்கும்படி கண்ணைக் காட்டினார்.

அந்த வாரத்தின் நடுவில் ஒரு காலை. அமல்ராஜும் ரோஸி அக்காவும் நானும் அறையில் இருந்தோம். ஸ்டெல்லா எழுந்து சாய்ந்து உட்கார்ந்து, "நான் வீட்டுக்குப் போறேன். எடுத்துட்டேன்," என்றார்.

ரோஸி அக்கா செபமாலையை இறுகப் பற்றிக்கொண்டார். அமல்ராஜ் வெளியே போனார், மின்தூக்கி வந்தது, திறந்தது, மூடியது, அவர் ஏறவில்லை. திரும்பி வந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, வீட்டில் கட்டிலை எந்தப் பக்கம் போடுவது என்று கேட்டார். ஸ்டெல்லா என்னைக் கைகாட்டினார். சன்னல் பக்கம் என்றேன். என் நாக்கு நுனியில் 'ஏன்' என்ற கேள்வி துடித்துக்கொண்டிருந்தது. நிரலாளர்கள் எந்த முடிவை எடுத்தாலும் அதன் காரணத்தைப் பக்கத்திலேயே குறித்துவைக்கப் பழகியவர்கள். நான் கேட்கவில்லை.

அடக்கத்துக்கு முன், அவர்கள் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் உடல் வைக்கப்பட்டிருந்த நாள்களில், உங்களில் பலரும் வந்திருந்தீர்கள். பாடகர் குழுவினர் பாடினீர்கள். நண்பகலில் கூட்டம் சற்றுக் குறைந்தபோது அமல்ராஜ் என் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். அவர் அதுவரை எதுவும் உண்ணவில்லை என்று ரோஸி அக்கா சொல்லியிருந்தார்.

"ஒண்ணு கேக்கணும்ங்க. கோவிச்சுக்காதீங்க."

கேட்கச் சொன்னேன்.

"வீட்டுக்கு வரணும்னு சொன்னது... அது நீங்க எடுத்ததா? எல்லாத்தையும் உங்ககிட்டதானே குடுத்திருந்தா."

வாரக்கணக்கில் இந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டுதான் அவர் கட்டிலை நகர்த்தினார், மருந்து கொடுத்தார், வருபவர்களுக்கு நாற்காலி போட்டார் என்பது அப்போது புரிந்தது.

"இல்லங்க. அத அவ குடுக்கல. நானும் என் மனசுல இருந்தத சொல்லல. சொல்லியிருந்தா, நீங்க சொன்னததான் நானும் சொல்லியிருப்பேன்."

"அப்ப அவளேதான்."

"அவளேதான்."

அவர் முகத்தை இரண்டு கைகளாலும் அழுந்தத் துடைத்துக்கொண்டார். "அப்பச் சரி," என்றார். எழுந்துபோய், ரோஸி அக்கா நீட்டிய தட்டை வாங்கிக்கொண்டார்.

ஸ்டெல்லா போனபின் என் நாள்கள் எப்படி இருக்கின்றன என்று அலுவலக நண்பர்கள் விசாரிக்கிறீர்கள். மறைக்க ஒன்றுமில்லை. அவரிடம் இருந்த என் முடிவுகள் அனைத்தும் ஒரே நாளில் என்னிடம் திரும்பி வந்துவிட்டன. புதிய நிரல் ஒன்று பெயரில்லாமல் கிடக்கிறது. பள்ளி விடுமுறைக்கு எங்கே போவது என்று மகள் தினமும் கேட்கிறாள். இந்த நினைவுரையையே நான் எத்தனை விதமாகத் தொடங்கினேன் என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. நடக்கிறேன், உட்காருகிறேன், மறுபடியும் நடக்கிறேன்.

ஆயினும் அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒன்று உண்டு. அதைச் சொல்லி முடிக்கிறேன்.

வீட்டுக்கு வந்த வாரத்தில் ஒரு நாள் மாலை ஸ்டெல்லாவைக் கிழக்குக் கடற்கரைக்கு அழைத்துப் போனோம். அமல்ராஜ் ஐஸ் கச்சாங் என்னும் பனித்துருவல் இனிப்பு வாங்க வரிசையில் நின்றார். ரோஸி அக்கா பாயை விரித்தார். தூரத்தில் கப்பல்கள் நகராமல் நின்றன. நான் வழக்கம்போல, நிழலுக்குத் தள்ளட்டுமா, தண்ணீர் வேண்டுமா, சால்வை போதுமா, நாற்காலியைத் திருப்பட்டுமா என்று அவரைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

"வாசு," என்றார் ஸ்டெல்லா. "எதையும் கேக்காம உக்காரு."

உட்கார்ந்தேன். அவர் எதையும் தேர்ந்துகொள்ளவில்லை. எந்தக் கப்பலைப் பார்ப்பது என்றுகூட அவர் முடிவு செய்ததாகத் தெரியவில்லை. கண்கள் போன இடத்தில் இருந்தன. காற்று சால்வையைத் தள்ளியது. அவர் அதை இழுத்துவிடவில்லை. எடுக்க வேண்டியதை எடுத்து முடித்த ஒரு மனுஷி சும்மா இருந்தார். அருகில் மணலில் நானும் இருந்தேன். அமல்ராஜ் திரும்பி வரும்வரை, என் வாழ்நாளில் முதன்முறையாக, அடுத்து என்ன என்று நான் நினைக்கவில்லை.

அந்தச் சிறு பொழுதைத்தான் வைத்திருக்கிறேன். அதற்குள் திரும்பிப் போகும் வழி எனக்கு இன்னும் பிடிபடவில்லை. தேடிக்கொண்டிருக்கிறேன், ஸ்டெல்லா.